ஐப்பசிக்கு முன் ஒரு ஏணி: குரங்கணிச் சரிவில் கூரையும் மழையும்

தேனி மாவட்டத்துக் குரங்கணியிலிருந்து மலையேறினால் வரும் ஊர்களுக்கு சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் என்று பெயர். ரயில் எதுவும் அங்கே நிற்பதில்லை. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக 1902-ல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று வந்தது. 1908-ல் அதன் இடத்தில் சிறிய ரயில் ஓடியது. அது சுமந்துவந்த தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனில் இறங்கி, ரோப்வேயில் தொங்கியபடி ஐந்து கிலோமீட்டர் சரிவைக் கடந்து கொட்டகுடிக்குப் போயின. அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு மாட்டு வண்டி. 1924-ன் பெருவெள்ளம் ரயில் பாதையை வாரிக்கொண்டு போனது. பெயர் மட்டும் மலையில் தங்கிவிட்டது.

அந்த வெள்ளம் ஜூலையில் மலைக்கு மேற்கே கொட்டிய தென்மேற்குப் பருவமழையால் வந்தது. குரங்கணி இருப்பது மலையின் கிழக்குப் பக்கம். இந்தப் பக்கத்து வீடுகளைச் சோதித்துப் பார்ப்பது வேறு பருவம், வேறு காற்று. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று ஊர்ச்சொல் சொல்வது இதைத்தான். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள் அக்டோபர் 20-ஐ ஒட்டி வருகிறது. தமிழ்நாட்டுக்கு ஓராண்டில் கிடைக்கும் மழையில் ஏறத்தாழ பாதியை அது மூன்றே மாதத்தில் கொட்டிவிடுகிறது. அதன் பின்னால் மார்கழிப் பனி. ஆகவே போடி மலைச்சரிவில் குளிர்காலத்துக்கு வீட்டைத் தயார்செய்வது என்றால் முதலில் தண்ணீர், கூடவே காற்று, கடைசியில் குளிர் என்ற வரிசையில்தான் யோசிக்க வேண்டும்.

இந்த வரிசைக்கு முன்னால் நடக்கும் ஒன்றைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. கிழக்கிலிருந்து வீசுவதைக் கொண்டல் என்றும் மேற்கிலிருந்து வீசுவதைக் கோடை என்றும் தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. தேனி மாவட்டத்தில் இந்த இரண்டும் சேர்ந்துதான் கூரையைக் கெடுக்கின்றன. ஆனியிலும் ஆடியிலும் மேல்காற்று மலைக் கணவாய்களின் வழியே பள்ளத்தாக்குக்குள் பாய்கிறது. இந்த மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அது கிழக்குச் சரிவுக்கு அதிகம் மழை தருவதில்லை, சாரலோடு போய்விடும். ஆனால் மாதக்கணக்கில் தகரத்தை ஆட்டி, ஆணியின் துளையை அகலப்படுத்தி, ஓட்டை ஒரு விரற்கடை நகர்த்திவிட்டுப் போகிறது. வீட்டுக்காரருக்கு அப்போது எதுவும் தெரியாது. மூன்று மாதம் கழித்துக் கொண்டல் மழையைக் கொண்டுவந்து அந்த விரற்கடை இடைவெளிக்குள் ஊற்றும்போதுதான் தெரியும். இந்தச் சரிவில் கூரையைப் பார்க்க ஏணி வைக்க வேண்டிய மாதம் ஆவணி. காற்று அடங்கியிருக்கும், மழை வந்திருக்காது, கூரையின் மேல்பரப்பு பூச்சு பிடிக்கும் அளவுக்குக் காய்ந்திருக்கும். தீபாவளிக்குப் பிறகு கொத்தனாரைத் தேடுவது காலம் கடந்த வேலை.

தண்ணீரின் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். அறுநூறு சதுர அடிக் கூரை ஏறத்தாழ 56 சதுர மீட்டர். பத்து சென்டிமீட்டர் மழை பெய்த நாளில் அதன் மேல் 5,600 லிட்டர் இறங்குகிறது, அதாவது ஒரு தண்ணீர் லாரி. 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் பதிவானது. அந்த மழை இதே கூரையில் விழுந்திருந்தால் 45,000 லிட்டருக்கு மேல். இவ்வளவு தண்ணீரையும் எந்தப் பூச்சாலும் தடுத்து நிறுத்த முடியாது. வழிகாட்டி வெளியே அனுப்பத்தான் முடியும். கூரை வேலை என்பதன் சாரம் இந்த வழிகாட்டல். ஒழுகும் வீடுகளில் பெரும்பாலும் கூரையின் நடுப்பரப்பு நன்றாகவே இருக்கும். முகடு, ஓரம், ஆணித் துளை, சுவரும் தளமும் சேரும் மூலை, குழாய் வாய் என்று ஒன்றோடு ஒன்று சேரும் இடங்களில்தான் தண்ணீர் உள்ளே நுழைகிறது.

போடிக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் உயரத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் வித்தியாசம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்ற பொது விதிப்படி, கீழே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரியும் மாலையில் மேலே கம்பளி வேண்டும். ஏறக்குறைய 8,000 அடி உயரத்திலுள்ள கொழுக்குமலையிலும் மூணாற்றின் உயரமான தோட்டங்களிலும் மார்கழி, தை இரவுகளில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுவதுண்டு. ஒரே மலைச்சரிவில் மூன்று தட்பவெப்பம் அடுக்கி வைத்ததுபோல. அடிவாரத்துக்குச் சரியான கூரையை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போனால் அது வேலை செய்வதில்லை.

இதை முதலில் புரிந்துகொண்டவர்கள் முதுவர்கள். குரங்கணிக்குப் பக்கத்து முதுவாக்குடியிலும் மூணாறு மலைக்குடிகளிலும் வாழும் இந்தப் பழங்குடிகளின் பழைய வீடு மூங்கிலும் மண்ணும் புல்லும் கொண்டது. புல்வேய்ந்த கூரையின் பலம் அதன் சரிவு. நல்ல செங்குத்தாக இறங்கும் கூரையில் மழைத்துளி ஒரு தாளிலிருந்து அடுத்த தாளுக்குத் தாவி இறவாரத்தில் சொட்டிவிடும். மேல் அடுக்கு மட்டும்தான் நனையும். சரிவு குறைந்தால் அதே புல் ஊறி அழுகும். வீட்டுக்குள் எரியும் அடுப்பின் புகை கூரையின் உள்பக்கத்தைக் காயவைத்துப் பூச்சியையும் விரட்டியது. எரிவாயு அடுப்பு வந்த பிறகு புல்கூரை முன்னைவிடச் சீக்கிரம் மக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த மலையில் புல்லுக்கு இன்னொரு பகை உண்டு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றம் வந்தவர்கள் இருபது பேருக்கும் மேல் உயிரிழந்ததை நாடு மறக்கவில்லை. காய்ந்த போதைப்புல் எப்படிப் பற்றும் என்பதை அன்று எல்லாரும் பார்த்தார்கள். மாசி, பங்குனியில் தீக்கும் ஐப்பசியில் மழைக்கும் ஒரே கூரை பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. புல்லை விட்டுத் தகரத்துக்கு மாறியவர்களைக் குறை சொல்ல இடமில்லை.

ஓட்டு வீடு போடித் தெருக்களில் இன்னும் நிற்கிறது. நாட்டு ஓடு கையால் வனைந்தது, அடுக்கடுக்காகப் படுக்கும். சீமை ஓடு என்று ஊரில் சொல்லப்படுவது மங்களூர் ஓடு. பாசல் மிஷன் 1865-ல் மங்களூரில் தொடங்கிய ஆலையின் வழிவந்தது. ஓரங்களில் உள்ள பள்ளமும் மேடும் ஒன்றில் ஒன்று பொருந்திக்கொள்வதுதான் அதன் சூட்சுமம். உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினால் போதும் என்பது பெரிய வசதி. ரீப்பர் கட்டை உளுத்திருந்தால் மட்டும் ஓட்டைப் பிரித்து மேய வேண்டிவரும். மலையோர வீடுகளில் குரங்கு ஓடுவதால் ஓடு நகர்வது தனித் தொல்லை. ஆவணியில் வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு நண்பகலில் அண்ணாந்து பார்த்தால் எங்கே வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறதோ அங்கே ஐப்பசியில் பாத்திரம் வைக்க வேண்டியிருக்கும். இதற்குக் கொத்தனார்கூடத் தேவையில்லை.

மலைக்கு மேலே தகரம்தான் அரசன். தோட்டத் தொழிலாளரின் லயங்களுக்கும் ஏலக்காய் ஸ்டோர்களுக்கும் அதைத்தான் நம்பினார்கள். காரணம் எடை. மோட்டார் பாதை எட்டாத மலையூர்களுக்கு எதுவானாலும் தலைச்சுமையாகவோ குதிரை முதுகிலோதான் ஏற வேண்டும். தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களே அப்படித்தான் ஏறுகின்றன. ஓடும் சிமெண்ட் மூட்டையும் ஏற்றும் கூலியை நினைத்தால் தகரத்தின் கவர்ச்சி விளங்கும். ஆனால் லேசாக இருப்பதுதான் அதன் பலவீனமும். காற்று கூரையை அமுக்குவதைவிட உறிஞ்சித் தூக்குவதே அதிகம். கூரையின் மேல் வேகமாகப் பாயும் காற்று அங்கே அழுத்தத்தைக் குறைக்கிறது; திறந்த கதவு வழியாக உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. இந்த இழுப்பு நடுவில் குறைவு. ஓரத்திலும் மூலையிலும் முகட்டிலும் மிக அதிகம். இந்தியத் தர நிர்ணயத்தின் காற்றுக்கணக்கு மதுரைக்கு விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தை அடிப்படையாக வைக்கிறது. கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கிறோமே என்று நினைப்பவர்களுக்கு 2018 நவம்பர் 16 நினைவுக்கு வர வேண்டும். வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, திண்டுக்கல் மாவட்டம் வரை உள்ளே வந்து, கொடைக்கானலில் மரங்களைச் சாய்த்து, மலையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனது.

தகரக் கூரையில் பார்க்க வேண்டியவை சில்லறை விஷயங்கள்போலத் தெரியும்; வீட்டைக் காப்பாற்றுவது அவைதான். அடித்த ஆணி காற்றில் ஆடி ஆடிக் கழன்றுவரும். மரையுள்ள திருகோ கொக்கி போல்ட்டோ கழலாது. அதுவும் நெளிதகரத்தின் மேட்டில் இருக்க வேண்டும், பள்ளத்தில் கூடாது. பள்ளம் தண்ணீர் ஓடும் வழி. அங்கே துளையிட்டால் வாசலைத் திறந்து வைத்ததற்குச் சமம். திருகின் கீழே உள்ள ரப்பர் வாஷர் சில வருட வெயிலில் கெட்டிப்பட்டு வெடித்துவிடும். தகரம் முழுவதும் புதிதாக இருந்தும் ஒழுகுகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி இந்தக் காசளவு ரப்பர்தான். ஒரு தகரத்தின் மேல் அடுத்தது ஏறிப் படுக்கும் இடம் குறைந்தது அரையடி இருக்க வேண்டும். பக்கவாட்டு விளிம்பு கொண்டலைப் பார்த்து வாய் திறந்திருந்தால் மழைநீர் மேல்நோக்கியே உள்ளே ஏறும். கூரைமேல் கல்லும் பழைய டயரும் வைக்கும் வழக்கம் உண்டு. ஆட்டத்தை அது கொஞ்சம் குறைக்கும். பெருங்காற்றில் அந்தக் கல்லே கீழே நிற்பவருக்கு ஆபத்து. கைமரத்தைச் சுவரோடும், சுவரைக் கடைக்காலோடும் கம்பியால் பிணைப்பதுதான் நிரந்தரமான வழி.

குளிர் மிகுந்த உயரத்தில் தகரத்துக்கு இன்னொரு நோய். இரவில் அது சட்டென்று குளிர்ந்துவிடும். வீட்டுக்குள் ஆட்களின் மூச்சிலும் கொதிக்கும் உலையிலும் எழும் ஆவி அதன் அடியில் பட்டுத் துளிகளாகும். மழையே இல்லாத தை மாதத்தில் படுக்கை நனைந்தால் அது ஒழுக்கு அல்ல, தகரத்தின் வியர்வை. இதற்குத் தாரைப் பூசிப் பயனில்லை. தகரத்துக்குக் கீழே பலகையோ மூங்கில் தட்டியோ ஒரு தட்டு அமைத்து, இடையில் காற்று ஓட வழிவிட்டால் நிற்கும். குளிருக்குப் பயந்து முகட்டு இடைவெளியையெல்லாம் சாக்கால் அடைப்பவர்கள் இந்த வியர்வையை இரட்டிப்பாக்கிக்கொள்கிறார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். மலிவு, துருப்பிடிக்காது, மழைச் சத்தம் குறைவு என்பதால் அது பரவியது. அதன் நார்த்தூள் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் உறுதியான நிலை. பல நாடுகள் அதைத் தடைசெய்துவிட்டன, இந்தியா இன்னும் செய்யவில்லை. முழுதாகக் கிடக்கும் அட்டையைவிட ஆபத்து, மழைக்கு முன் அதைச் சரிசெய்கிறோம் என்று பாசியைக் கம்பிப் பிரஷ்ஷால் உரசுவதிலும் காய்ந்த அட்டையில் துளையிடுவதிலும் இருக்கிறது. தொட்டே ஆக வேண்டுமென்றால் நனைத்துக்கொண்டு, முகத்தை மூடிக்கொண்டு, குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டுச் செய்ய வேண்டும். அந்த அட்டைமேல் ஏறி நடப்பதும் கூடாது. எச்சரிக்கை கொடுக்காமல் உடையும்.

இனி கான்கிரீட். தளம் போட்டுவிட்டால் கூரைக் கவலை தீர்ந்தது என்ற நம்பிக்கை தமிழ்நாடு முழுக்க ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மிக அவசரமாகத் திருத்த வேண்டிய நம்பிக்கை அதுதான். தட்டையான தளத்தில் தண்ணீர் போகப் பத்தடிக்கு ஓர் அங்குலமாவது வாட்டம் வேண்டும். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துப் பரப்பி, அதன்மேல் தட்டோடு பதித்து, வாட்டத்தை அந்த அடுக்கிலேயே கொண்டுவந்தார்கள். இன்று செலவை மிச்சப்படுத்த வெறும் தளத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வாட்டம் இல்லாத தளத்தில் தண்ணீர் தேங்குகிறது, மயிர்க்கோடு போன்ற வெடிப்பில் இறங்குகிறது, கம்பியைத் தொடுகிறது. துருப்பிடித்த கம்பி பல மடங்கு பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. தொகுப்பு வீடுகளில் விட்டத்துப் பூச்சு பெயர்ந்து படுத்திருப்பவர்மேல் விழும் செய்திகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் வருவது இப்படித்தான். மழை காரணம் என்று எழுதப்படும்; உண்மையில் அது பல மழைகளின் வேலை.

தளத்தை எப்படிப் பார்ப்பது? முதலில் பெருக்க வேண்டும். இலையும் மண்ணும் அடைத்த குழாய் வாய்தான் முதல் எதிரி. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல் குழைவாகப் பூசியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வெடிப்பில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் போதாது, வேரோடு எடுத்து அந்தத் துளையை அடைக்க வேண்டும். தண்ணீர் கட்டிச் சோதிப்பது நல்ல முறை, ஆனால் பழைய தளத்தில் யோசித்துச் செய்ய வேண்டும்: அறுநூறு சதுர அடியில் ஓர் அங்குலத் தண்ணீர் 1,400 கிலோவுக்கு மேல். கடையில் கிடைக்கும் வாட்டர் ப்ரூஃப் பூச்சுகள் காய்ந்த, சுத்தமான பரப்பில்தான் பிடிக்கும். ஐப்பசியில் இரண்டு மழைக்கு நடுவே கிடைத்த வெயிலில் அவசரமாகப் பூசியது அடுத்த கோடைக்குள் தோல்போல உரிந்துவிடும்.

தட்டைக் கூரை எல்லா வானத்துக்கும் பொருந்தாது என்பதை லடாக்கிலிருந்து ஓர் உதாரணம் தெளிவாக்கும். அங்கே வீடுகளுக்கு மண்ணால் தட்டைக் கூரை போடுவார்கள். மழை அபூர்வம், விழும் பனியைத் தள்ளிவிட்டால் போதும். அந்த நிலத்துக்கு அது மிகச் சரியான கூரை. 2010 ஆகஸ்டில் லே நகரைச் சுற்றி மேகம் வெடித்துக் கொட்டியபோது மண்வீடுகள் கரைந்தன, இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரு கூரையின் தரம் அது எந்த வானத்துக்காகப் போடப்பட்டது என்பதைப் பொறுத்தது. வானம் மாறிவிட்டால் பழைய தரம் உதவாது.

சுவருக்கு வருவோம். மண்சுவரும் செங்கல் சுவரும் மேலிருந்து நனைவதைவிடக் கீழிருந்து நனைந்து கெடுவதே அதிகம். இறவாரத்திலிருந்து விழும் தண்ணீர் தரையில் பட்டுத் தெறித்து அடிச்சுவரை அரிக்கிறது. பழைய வீடுகளில் கூரை இரண்டடிக்கு மேல் வெளியே நீண்டதும், சுவரை ஒட்டிச் சரிவான ஒட்டுத் திண்ணை வைத்ததும் இந்தத் தெறிப்புக்காக. இன்றைய வீடுகளில் கொண்டல் நேராக அடிக்கும் கிழக்குச் சுவருக்குக்கூட சன்ஷேட் ஒரு சாண்தான். ஓதம் ஏறிய அந்தச் சுவர்மேல் பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்கள். வெள்ளையடிக்கத் தை சரியான மாதம், ஈரம் வடிந்திருக்கும். ஆனால் வெடிப்பை அடைப்பதையும் அதே பொங்கலுக்கு ஒத்திவைத்தால் மழை முழுவதையும் சுவர் வாங்கி முடித்திருக்கும்.

சரிவில் கட்டிய வீட்டுக்குக் கூரையின் வேலை இறவாரத்தோடு முடிவதில்லை. அந்த 5,600 லிட்டரும் அடுத்து எங்கே போகிறது? இந்தக் கேள்வியைச் சமவெளிக்காரர் கேட்டது 2003-க்குப் பிறகு, தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது. தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவது போடி நகரத்துக்கு நல்ல யோசனை. செங்குத்தான மலைச்சரிவில் வீட்டுக்குப் பின்னாலேயே குழிவெட்டி இறக்கினால் மண் ஊறிச் சரியும். அங்கே தொட்டியில் பிடிக்க வேண்டும், அல்லது கல் பாவிய வாய்க்காலில் ஓடைவரை கொண்டுபோய் விட வேண்டும். வீட்டுக்கு மேற்புறத்தில் குறுக்கே ஒரு வடிகால், தாங்குசுவரில் அடைபடாத நீர்த்துளைகள், வெட்டிய மண்முகத்தில் வேர்பிடிக்கும் புல், இவற்றையும் ஆவணிப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

கதவு திடீரென்று இறுகுவது, தரையில் நீளமான வெடிப்பு, சாய்ந்த மரம், தெளிவாக வந்த ஊற்று கலங்கி வருவது ஆகியவை மண் நகரத் தொடங்கியதன் அடையாளங்கள். அப்போது கூரையை நினைக்கக் கூடாது. வீட்டை விட்டு வெளியேற வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இதே பருவமழையில். 2014 அக்டோபர் 29 காலையில் இலங்கையின் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தத் தோட்டத்தில் மலையகத் தமிழர்களின் லயன்களை மண் மூடியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, டாப் ஸ்டேஷனின் மறுபக்க மலைகளில் பெட்டிமுடி லயங்களில் எழுபது பேர் போனார்கள். இந்தக் கடைசி இரண்டு இடங்களிலும் இறந்தவர்கள் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். வீடு எங்கே நிற்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் அவர்கள் இல்லை.

இங்கேதான் அரசின் பங்கு வருகிறது. 2024-ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டம் 2030-க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற இலக்கோடு, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் இருக்க வேண்டும் என்பது விதி. குடிசையில் மழையையும் தீயையும் பார்த்தவர்களுக்கு இது பெரிய வரம், சந்தேகமில்லை. ஆனால் தஞ்சாவூருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் ஒரே தளம், ஒரே தொகை என்பது மலைக்குப் பொருந்தவில்லை. சிமெண்ட் மூட்டை மேலே ஏறும் கூலியிலேயே ஒரு பகுதி கரையும் இடத்தில், சரிவான கூரையை நன்றாகப் பிணைத்துக் கட்ட அனுமதித்தால் வீடு நீண்டகாலம் நிற்கும். அதைவிட இந்தச் சரிவுக்கு நெருக்கமானது அதே ஆண்டு அறிவிக்கப்பட்ட ஊரக வீடுகள் பழுதுபார்க்கும் திட்டம். அரசுத் திட்டங்களில் 2001-க்கு முன் கட்டிய இரண்டரை லட்சம் வீடுகளைச் சரிசெய்ய 2,000 கோடி ரூபாய். புதிய வீட்டுக்குத் திறப்பு விழா உண்டு, பழுதுபார்ப்புக்குக் கிடையாது. அதனாலேயே இப்படி ஒரு திட்டம் வந்தது முக்கியமானது.

பணத்தைவிட மாதம் முக்கியம் என்பதை அதிகாரிகள் கவனிக்க வேண்டும். ஏலக்காய் பறிப்பு ஆவணியில் சூடுபிடித்துத் தை வரை போகிறது. ஈரக்காயை ஸ்டோரில் உலர்த்திப் போடி ஏலத்துக்கு அனுப்பும் பரபரப்பில் மலையே ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டோர் கூரை ஒழுகினால் காயின் பச்சை நிறம் போய் விலை விழும் என்பதால் முதலாளிகள் அந்தத் தகரத்தை நேரத்தில் மாற்றிவிடுகிறார்கள். அதே தோட்டத்தில் பறிக்கும் குடும்பத்துக்குத் தன் கூரையில் ஏற ஒரு நாள் வேண்டுமென்றால் அந்த நாளின் கூலி போகும். பழுதுபார்க்கும் தொகை ஆனியில் கையில் கிடைத்து, திருகும் வாஷரும் சிமெண்டும் ஆடிக்குள் மலையேறிவிட்டால், ஆவணியில் இரண்டு நாள் வேலையில் முடிந்துவிடும். கார்த்திகையில் கிடைத்தால் அந்தப் பணத்தில் தார்ப்பாய்தான் வாங்குவார்கள். அந்த நீலத் தார்ப்பாய் அடுத்த ஆடிவரை தாங்காது.